அழுகைக்கு ஒரு கட்டம்

விதுர்ஷாவுக்கு அந்த வேலை கிடைத்ததே அவளுடைய பேச்சினால்தான். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷமாக ஆசிரியர்கள் எந்தப் பேச்சைத் திருத்தித் திருத்தி அலுத்தார்களோ, அதே தேயிலைத் தோட்டத்துப் பேச்சைக் கேட்டுவிட்டு, பதுளை கடைவீதியில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகம் அவளை அன்றைக்கே எடுத்துக்கொண்டது. மடுல்சீமைப் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைதான் தங்களுக்கு வேண்டும் என்று நேர்முகத்தில் வெளிப்படையாகவே சொன்னார்கள். அன்று பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது அவளுக்குக் கர்வமாகக்கூட இருந்தது.

வேலை கடினமில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக வரும் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். கேட்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். எல்லாமே பெண்களின் குரல்கள். தலைச்சுற்று, மாதவிடாய் நிற்காதது, பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷன் அடித்த இடத்தில் வீக்கம் என்று உடம்பைப் பற்றிய பேச்சுத்தான் எல்லாம். இப்படி ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்தால், மலைநாட்டுத் தமிழைப் புரிந்துகொள்ள மெஷின் பழகிவிடுமாம். ஒவ்வொரு பதிவின் கீழேயும் ஐந்து சிறிய கட்டங்கள் இருந்தன. இரைச்சல், இருமல், சிரிப்பு, இரண்டாவது ஆள், அழுகை. எது கேட்கிறதோ அந்தக் கட்டத்தில் சரி அடையாளம் போட வேண்டும். அழுகைச் சத்தத்தைச் சொல் என்று நினைத்து மெஷின் குழம்பிவிடக் கூடாதாம்.

பேசியவர்களெல்லாம் ஒப்புதல் கொடுத்து, ஒலிப்பதிவுக்கென்றே வந்து நோயாளி போலப் பேசிக் காட்டியவர்கள் என்று, வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மேற்பார்வையாளர் நப்ரீஸ் அதை ஆங்கிலத் தாளில் காட்டிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். பண்டாரவளைக்காரன், மரியாதையான பையன். விதுர்ஷா நம்பினாள். அழுதவர்களைக் கேட்டபோதெல்லாம், என்ன தத்ரூபமாக நடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

அந்தக் கம்பெனியே 'தாய்த்துணை' என்று ஓர் இலவசத் தொலைபேசி எண்ணும் நடத்தியது. தோட்டத்துப் பெண்கள் யாரும் எந்த நேரமும் அழைத்துத் தங்கள் உடம்புக்கு என்ன என்று கேட்கலாம். மெஷின் பதில் சொல்லும். டிஸ்பென்சரிச் சுவரிலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் அந்த எண்ணை ஒட்டியிருந்தார்கள். 'நீங்கள் பேசுவது எதுவும் வெளியே போகாது' என்று கீழே பெரிய எழுத்தில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் லீவில் போனபோது, விதுர்ஷாவே தன் லயத்துப் பெண்களின் போன்களை வாங்கி அந்த எண்ணைப் பதிந்து கொடுத்தாள். எங்கள் கம்பெனியுடையது, பயப்படாமல் பேசுங்கள் என்றும் சொன்னாள்.

அதற்குப் பிறகு பல மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் நேரத்துக்கு முன்னால், அவளுக்கு ஒன்றரை நிமிஷப் பதிவு ஒன்று வந்தது.

"வணக்கங்க. யாராச்சும் இருக்கீங்களா?"

முதல் சொல்லிலேயே விரல் நின்றுவிட்டது. விடியற்காலையில் பீலிக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று லயம் முழுக்கக் கேட்கக் கூப்பிடுகிற குரல் அது. சுவருக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் விசாலாட்சி. விதுர்ஷாவின் அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன நாட்களிலெல்லாம் தன் பிள்ளையோடு சேர்த்து அவளுக்கும் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். விசாலாட்சிக்கு நடிக்கத் தெரியாது. பொய் சொல்லவே சரியாக வராது.

இடது மாரில் கட்டி போல ஏதோ தட்டுப்படுகிறது, வலியில்லை, யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது. பிறகு மெஷின் பேசியது. கூடையின் பாரம் இழுப்பதால் தசை பிடித்திருக்கலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், வலி கூடினால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள் என்று இனிமையாகச் சொன்னது. பின்பு விசாலாட்சி அழுதாள். பயம் விட்டுப்போன அழுகை அது. "ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க" என்று மெஷினுக்கு இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

விதுர்ஷாவின் கை பழக்கத்தில் அழுகைக் கட்டத்தில் சரி போட்டுவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல ஆனது. திரையின் ஓரத்தில் பதிவான தேதி இருந்தது. எட்டு மாசத்துக்கு முந்திய தேதி.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு நப்ரீஸிடம் போனாள். இவர்கள் ஒலிப்பதிவுக்கென்று வந்தவர்கள் இல்லை, நோயைச் சொல்லப் போன் எடுத்தவர்கள் என்றாள். அவன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அழைப்பின் தொடக்கத்தில் ஒன்று என்ற எண்ணை அழுத்தச் சொல்வார்கள், அழுத்தினால் ஒப்புதல் கொடுத்ததாகக் கணக்கு என்றான். அந்த ஃபைலை மூடிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளும்படி சொன்னான்.

"ஒங்களுக்கு எப்பத்திலயிருந்து தெரியும்?"

அவன் தரையைப் பார்த்தான். "போன வருஷத்திலயிருந்து."

அதற்குப் பிறகு அவள் அங்கே நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராக பஸ் நிலையத்துக்குப் போனாள். பசறை தாண்டி வளைவு வளைவாக ஏறிய அந்த வழி முழுக்க, இதுவரை தான் சரி போட்ட அழுகைகளை எண்ண முயன்றாள். எண்ண முடியவில்லை. அதில் ஒன்றாவது நடிப்பாக இருக்காதா என்று நினைத்தாள். இருக்காது என்றும் தெரிந்தது. தன்னை முட்டாளாக்கியவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, அப்படி ஆக இடம் கொடுத்த தன் மேல் அதிகமாக வந்தது.

விசாலாட்சி அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். லயத்துக்குப் பின்னால், சத்தம் கேட்காத இடத்துக்குக் கூட்டிப்போய் விதுர்ஷா எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டாள். போகவில்லை. எட்டு மாசமும் தினமும் ஒத்தடம்தான்.

ஆனால் விசாலாட்சி முதலில் கேட்டது நோயைப் பற்றியில்லை.

"நான் பேசினத நீ கேட்டியா பாப்பா?"

ஆமாம் என்றாள் விதுர்ஷா.

"வேற யாரு யாரு கேட்டாங்க?"

தெரியாது என்றாள். அதுதான் உண்மை. எங்கே போகிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. விசாலாட்சி முந்தானையை இழுத்து மாரை மூடிக்கொண்டாள். நடுச்சந்தையில் யாரோ சேலையை உருவிவிட்டது போல இருந்தது அவள் முகம். காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விதுர்ஷா தட்டியும் திறக்கவில்லை. மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், கையில் ஒரு பையோடு அவளே வந்து வாசலில் நின்றாள். "வா, போவோம்" என்றாள்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் புற்றுநோய் என்று ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது. கட்டி பரவியிருந்தது. இடது மாரை முழுவதுமாக எடுத்தார்கள். ஆறேழு மாசம் முந்தி வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொன்னார். ஏன் வரவில்லை என்று கேட்டபோது விசாலாட்சி வாயைத் திறக்கவில்லை. டாக்டர் திட்டினால் திட்டட்டும் என்று இருந்துவிட்டாள். மெஷினை நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

வேலையை விட்டு நின்ற விதுர்ஷாவுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அலுவலகத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று அவள் கையெழுத்துப் போட்டிருப்பதை நினைவூட்டியிருந்தார்கள். ஒரு பெண்ணின் இரகசியத்தை இத்தனை பேர் காதுக்கு விற்றவர்கள், தங்கள் இரகசியத்தைக் காப்பாற்றும்படி அவளிடம் கேட்டிருந்தார்கள். அவள் அதை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கிழித்துப்போட மனம் வரவில்லை. யாருக்காவது காட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் மாசம், 'தாய்த்துணை'யின் புதிய பதிப்பை அறிமுகப்படுத்தக் கம்பெனிக்காரர்கள் அந்தத் தோட்டத்துக்கே வந்தார்கள். அரை நாளோடு வேலையை நிறுத்திப் பெண்களை மண்டபத்துக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த சுரேன் என்ற அதிகாரிதான் பேசினார். நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. இப்போது இந்த மெஷின் உங்களைப் போலவே பேசும், உங்களைப் போலவே யோசிக்கும் என்றார். போனை ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டு, யாராவது ஒரு சகோதரி வந்து ஏதாவது கேட்டுப் பார்க்கலாம் என்று அழைத்தார்.

விசாலாட்சி எழுந்தாள். மருந்தினால் முடி உதிர்ந்த தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். விதுர்ஷா பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டது ஒன்றுமில்லை.

இடது மாரில் கட்டி போல இருக்கிறது, வலியில்லை, யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று விசாலாட்சி போனில் சொன்னாள். கூட்டத்தில் குசுகுசுப்பு எழுந்து அடங்கியது. மெஷின் யோசிக்கவேயில்லை. வலி இல்லாத கட்டியென்று அலட்சியமாக இருக்க வேண்டாம், இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள், கூச்சப்படாதீர்கள் அக்கா என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னது.

சுரேன் முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு சரியாகச் சொல்கிறது பாருங்கள் என்றார். போன வருஷம் இந்த அளவுக்குத் தெரியாது. உங்களைப் போன்ற சகோதரிகள் பேசப் பேசத்தான் இது கற்றுக்கொண்டது, அதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

தவறாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று விதுர்ஷாவுக்குத் தோன்றியது. மெஷின் பாடத்தைச் சரியாகத்தான் படித்திருந்தது. யாருடைய உடம்பை வைத்துப் படித்தது என்பது அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

விசாலாட்சி போனைக் கையிலிருந்து விடவில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

"போன வருஷம் இதே கேள்விய இதே நம்பர்ல நான் கேட்டேங்க. ஒத்தடம் குடுக்கச் சொல்லிச்சி. குடுத்தேன். இப்ப மார எடுத்துட்டாங்க. ஒங்க மெஷினு எழுதிப் படிக்கிறதுக்கு என் ஒடம்புதானா சிலேட்டு?"

சுரேனின் சிரிப்பு போய்விட்டது. மிகவும் வருந்துவதாகச் சொன்னார். இது டாக்டர் இல்லை, ஆலோசனை மட்டும்தான் என்று நிபந்தனைகளில் தெளிவாக இருக்கிறதே என்று தொடங்கினார். அப்போது விதுர்ஷா எழுந்து முன்னால் வந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று கம்பெனி அனுப்பிய கடிதம் பைக்குள்ளேயே இருந்தது.

"நீங்க பேசினதெல்லாம் ஒலிப்பதிவு ஆகுது. பதுளையில கடைக்கு மேல உக்காந்து நாங்க பதினோரு பேர் அதைக் கேட்டு எழுதினோம். நானும் கேட்டேன். யாராவது அழுதா ஒரு கட்டத்துல சரி போடணும். அதுதான் என் வேல. நம்பரைப் போன்ல போட்டுக் குடுத்ததும் நான்தான்."

ஒவ்வொருத்தியும் தான் அந்த எண்ணில் என்ன சொன்னாள் என்று நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. போன மாதம்தான் பிள்ளை பெற்ற மேனுஷா, கைக்குழந்தையோடு எழுந்து நின்று, "நான் பேசினதையுமா அக்கா?" என்று கேட்டாள். விதுர்ஷாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேனுஷா அங்கேயே திரும்பி, தன் பக்கத்தில் இருந்த மாமியாரை ஒரு தரம் பார்த்துவிட்டு, குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பிறகுதான் சத்தம் கிளம்பியது. எழுபது எண்பது பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். எங்கள் பேச்சை அழித்துவிட்டுப் போ என்றார்கள். ஒலிப்பதிவுகளை வேண்டுமானால் அழிக்கலாம் என்று சுரேன் ஒப்புக்கொண்டார். ஆனால் மெஷின் அவற்றிலிருந்து கற்றதைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது, தொழில்நுட்பம் அப்படி என்று பொறுமையாக விளக்கினார்.

"எங்ககிட்டருந்து எடுக்கிறப்ப மட்டும் முடிஞ்சிச்சா?" என்றாள் விசாலாட்சி.

சுரேனும் ஆட்களும் அவசரமாக வேனில் ஏறும்போது, மண்டபத்தில் கட்டியிருந்த விளம்பரத் துணி பாதிதான் கழன்றிருந்தது. மீதியைப் பெண்கள் இழுத்துக் கிழித்தார்கள். மடுவத்துச் சுவரிலிருந்த எண்ணை யாரோ கரித்துண்டால் அடித்துவிட்டார்கள்.

முப்பத்தாறு பெண்கள் கையெழுத்து வைத்துக் கம்பெனிக்கு முறைப்பாடு எழுதினார்கள். எட்டு வாரம் கழித்து ஆங்கிலத்தில் மூன்று பக்கப் பதில் வந்தது. விதுர்ஷா அகராதி வைத்துக்கொண்டு படித்துச் சொன்னாள். அந்தத் தோட்டத்தில் சேவையை நிறுத்திவிட்டார்கள், பதிவுகளை அழித்துவிட்டார்கள், தவறு யாருடையதும் இல்லை. விசாலாட்சி கேட்டுவிட்டு, "யாருதும் இல்லேன்னா என்னுதுதான்" என்று சொல்லி, மருந்துக்குப் போகும் நாளைக் காலண்டரில் பார்க்கப் போய்விட்டாள். அவள் பிழைப்பாளா என்று டாக்டரம்மா இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் நப்ரீஸ் அவளுக்குப் போன் எடுத்தான். அவனும் வேலையை விட்டுவிட்டானாம். மன்னிப்புக் கேட்டான், அவள் கொடுக்கவில்லை. பதுளை அலுவலகத்தை மூடிவிட்டு, வேறு பெயரில் ஹாலிஎலயில் திறக்கிறார்கள், அடுத்த திங்கட்கிழமை நேர்முகம், தோட்டத்துப் பிள்ளைகள்தான் வேண்டுமாம் என்றான். அதற்கு மட்டும் அவனுக்கு நன்றி சொன்னாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே விதுர்ஷா ஹாலிஎலயில் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டடியில் போய் நின்றாள். இஸ்திரி போட்ட சட்டையும் ஃபைலுமாக ஒவ்வொரு பிள்ளையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, மேலே என்ன வேலை, காதில் என்ன கேட்கும், அது யாருடைய குரல் என்று சொன்னாள். காவலாளி இரண்டு தரம் விரட்டினான். பொலிசைக் கூப்பிடுவதாகச் சொன்னான். கூப்பிடு, அவர்களுக்கும் சொல்கிறேன் என்றாள்.

பதினான்கு பேர் வந்தார்கள். நான்கு பேர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் அவளைப் பைத்தியம் போலப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் பாதிப் படியில் நின்று, வீட்டில் தான் ஒருத்திதான் சம்பாதிக்க வேண்டும் அக்கா, என்ன செய்ய என்று கேட்டாள். விதுர்ஷாவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. தன் நம்பரை எழுதி அவள் கையில் கொடுத்து, தெரிஞ்ச குரல் கேட்ட அன்னைக்கு எனக்குப் பேசு என்றாள். அவள் வாங்கிக்கொண்டு ஏறிப் போனாள். அடுத்த நேர்முகம் வியாழக்கிழமை என்று கதவில் ஒட்டியிருந்தது. விதுர்ஷா அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டாள்.