பாதி வரை போதும்

கதவை அறைந்து சாத்தியது லோஜினிதான். டிலானியின் வலது கை கதவு நிலையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் சாத்தினாள். முதல் தடவை விரல்கள் நசுங்கின. இரண்டாம் தடவை எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

இத்தனைக்கும் காரணம் ஒரு புரோகிராம். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் மாறாத, விகடகவி மாதிரிச் சொற்களைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க வேண்டும். கஹவத்தை பஜாரில் புடவைக் கடைக்கு மேலே வகுப்பு நடத்திய இப்திகார் சேர் வைத்த கடைசிச் சோதனை அது. முதலில் ஓட்டிக் காட்டுகிறவருக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லியிருந்தார். தவறினால் லோஜினிக்குக் கொழுந்துக் கூடைதான்.

நாலு நாள் மண்டையை உடைத்து எழுதினாள். சோதனைக்கு முந்தின நாள் டிஸ்க்கை மெஷினிலேயே மறந்துவிட்டுப் போனாள். அங்கே கடைசிவரை இருந்தவள் சித்தி மகள் டிலானி. வகுப்பில் வாயே திறக்காத அவள், காலையில் சேர் முன்னால் புரோகிராமை ஓட்டிக் காட்டினாள். லோஜினிக்குக் கண்மண் தெரியவில்லை. வாசலில் டிலானியின் முடியைப் பிடித்து இழுத்து, முகத்தைச் சுவரில் மோதினாள். டிலானி தடுமாறி நிலையைப் பிடித்தபோதுதான் கதவு.

"திருடி. என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே."

சேர் டிலானியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, இருவரின் டிஸ்க்கையும் போட்டுப் பார்த்தார். லோஜினியுடையது முதல் எழுத்தைக் கடைசி எழுத்தோடு ஒப்பிட ஆரம்பித்து, சொல்லின் முடிவு வரை போனது. டிலானியுடையது நடுவிலேயே நின்றது. பாதி வரை ஒத்துப்போனால் மிச்சத்தைப் பார்க்கத் தேவையே இல்லை என்று அவள் யோசித்திருந்தாள். லோஜினிக்கு அது தோன்றவேயில்லை.

"இது ஒங்கட இல்ல, புள்ள. ஒங்கடத விட நல்லா எழுதியிருக்கா" என்றார் சேர்.



டிலானியின் மூன்று விரல்கள் கோணலாகவே கூடின. துரைக்கு டைப் அடிக்கக் கை வேண்டும். வகுப்பின் பேர் கெட்டுவிடும் என்று, நடந்ததைத் துரையிடம் சொல்லாமல் சேர் வாயை மூடிக்கொண்டார். படித்தவர்களுக்கு இது நன்றாக வரும். வேலை லோஜினிக்கு வந்தது.

வேலையில் சேரும் நாள் காலையில் டிலானியின் லயத்து வீட்டுக்குப் போய், தான் போகப் போவதில்லை என்று அழுதாள். டிலானி இடது கையால் ஓங்கி அறைந்தாள். உதடு கிழிந்தது. மறுபடியும் அறைந்தாள்.

"நீயும் போகலன்னா என் வெரலு சும்மாவே போயிரும். போய் வேலையப் பாரு."

லோஜினி இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.