முழங்கால் தண்ணீர்

சைதாப்பேட்டை தையல்காரர் இனாயத்துக்கு அரக்கான் காடு என்றாலே ஆகாது. அதை அவர் கண்டதில்லை என்பது வேறு விஷயம். பர்மாவில் குண்டு விழுந்ததும் நடந்தே ஊர் வந்து சேர்ந்த ஷாஹுல் ஹமீது, ஒரு மாதமாக அவர் வீட்டில் உட்கார்ந்து அந்தக் காட்டைப் பற்றித்தான் பேசினான். கடல் வரைக்கும் இறங்கி வரும் மூங்கில், உப்புத் தண்ணீரிலேயே வேர் விட்டு நிற்கும் மரங்கள், கத்தினாலும் மறுகரைக்குக் கேட்காத ஆறுகள். அவன் மனைவி கமர் ஜஹான் வழியில் காய்ச்சலில் இறந்துபோனதை மட்டும் ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தான்.

"அப்புறம் மச்சான்?" என்பாள் இனாயத்தின் மனைவி நஸ்ருன்னிசா, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. ஷாஹுல் அவளுக்கு மாமன் மகன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் புருஷனிடம் அவள் ஒரு தடவைகூட "அப்புறம்?" என்று கேட்டதில்லை. இனாயத்துக்கு வயிறு எரிந்தது. பொறாமையில் ஒரு வக்கீலின் கோட்டுக்கு இரண்டு கையையும் மாற்றித் தைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பித்தளைத் தூக்கில் பிரியாணியோடு இருவரையும் அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

"இங்கயும் ஆறு கீது, காடு கீது," என்று சவுக்குத் தோப்பைக் காட்டினார்.

"ம்," என்றாள் அவள். அந்த "ம்"தான் அவரைக் கிளப்பிவிட்டது.

"இன்னா மச்சான், அம்மாம் பெரிய ஆத்தெல்லாம் தாண்டினியே! இத்தத் தாண்டு, பாப்போம். முழங்கால் தண்ணிதான்."

ஷாஹுல் கரையிலேயே நின்றான்.

"பாத்தியா நஸ்ரு? எல்லாம் வாய்ச் சவடால்!" இனாயத் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அங்கயும் முழங்கால் தண்ணிதான்," என்றான் ஷாஹுல். "காய்ச்சல் இல்ல மச்சான். கமர் கைய நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன். மூட்ட சரிஞ்சிது. அதப் புடிக்கக் கைய உட்டேன். வெள்ளம் இழுத்துக்கினு போச்சு."

நஸ்ருன்னிசா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இனாயத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதும், பாவி மனிதர், அவள் அவனுக்காக எவ்வளவு அழுகிறாள் என்றுதான் பார்த்தார்.

திரும்பும்போது ஒரு சின்ன ஓடை குறுக்கிட்டது. ஷாஹுல் சுற்றுவழியில் போனான். இனாயத் இறங்கி நின்று கை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. அவருடைய மறுகையில் இருந்த பித்தளைத் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்க மொதல்ல கீழ வைங்க," என்றாள். "அப்புறம் புடிங்க."