இஸ்ஹாக்கின் போனில் ஓடும் பாட்டு

கற்பிட்டியில் போன் திருத்துகிற ஜபாரிடம் எந்த வருத்தத்தைக் கொண்டுபோனாலும் மருந்து ஒன்றுதான். "ஓஃப் பண்ணி ஓன் பண்ணினீங்களா?" என்பார். பஹ்மிதா போய் நின்ற அன்றும் அதைத்தான் கேட்டார்.

"பண்ணினேன் நானா. பாட்டு நடுவால நிண்டு போகுது. நான் போடாத பாட்டெல்லாம் லிஸ்டுக்குள்ள வந்து கிடக்கு."

சொல்லும்போதே அவளுக்கு நா கூசியது. புருஷன் போன படகு கடலில் காணாமல் போய் மாதக்கணக்காகிறது. பெண்சாதிக்காரி என்னடா என்றால் பாட்டு ஓடவில்லை என்று கடை ஏறி இறங்குகிறாள்! ஊர் வாயில் விழுந்தால் சும்மா விடுவார்களா? ஆனால் அந்த லிஸ்ட் இஸ்ஹாக் போட்டது. பல நாள் படகில் போகும்போது கேட்பதற்கென்று ஒவ்வொரு பாட்டாகப் பொறுக்கிச் சேர்த்து, 'கடலுக்கு' என்று பெயரும் வைத்திருந்தான். பாட்டு ஆப்புக்குக் காசு கட்டுகிற கணக்கு ஒன்றுதான். அதையே இருவரும் தங்கள் தங்கள் போனில் பாவித்தார்கள். மாமியின் கண்ணில் படாமல் முக்காட்டுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு, தேங்காய் துருவும்போது அதைக் கேட்பாள். அவன் விட்டுப்போனதில் அவளுக்கென்று இருந்தது அதுதான்.

ஜபார் ஆப்பை மூடித் திறந்தார். உள்ளே சேர்ந்திருந்த குப்பைகளை அழித்தார். ஆப்பையே அழித்துவிட்டுத் திரும்பப் போடலாமா என்று கேட்டார்; அவள் மாட்டேன் என்றாள். கடைசியில் எதையோ தட்டிப் பார்த்தவர், "ஆ, விசயம் இதுதானே!" என்று தலையை ஆட்டினார்.

"ஒரு கணக்குல ஒரு நேரத்துக்கு ஒரு போன்லதான் பாட்டு ஓடும். நீங்க கேக்கக்குள்ள மற்ற போன்ல ஆரோ போடுறாங்க. அதான் உங்கட நிக்கிது. இரிங்க, எல்லாப் போனையும் வெளிய தள்ளி விடுறேன். ஒரு அமத்து அமத்தினாச் சரி."

"மற்றப் போன் எண்டா எது?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். 'இஸ்ஹாக்கின் போன்' என்று எழுதியிருந்தது. கீழே, அந்த நிமிடம் அதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் பெயர். ஜபாரின் பெருவிரல் அமத்தப் போகிறது. பஹ்மிதா மேசைக்கு மேலால் பாய்ந்து போனைப் பறித்தாள்.

"தொடாதீங்க! அல்லாஹ்வுக்காகத் தொடாதீங்க நானா!"

கடையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும்! அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. என் மச்சான் எங்கேயோ இருந்து பாட்டுக் கேட்கிறார், எங்கேயோ ஒரு கரையில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு அதையே அடித்துச் சொன்னது.

அவனுடைய நம்பர் அன்றும் வேலை செய்யவில்லை. ஜபார் அதற்கும் காரணம் வைத்திருந்தார். தெற்கே சிங்களக் கரைக்குப் போகிற படகு ஏதாவது ஆளைக் காப்பாற்றியிருக்கும், சிம் தண்ணீர் பட்டுச் செத்திருக்கும், நம்பரெல்லாம் அதோடு போயிருக்கும், போன் தப்பி வேறு சிம்மில் ஓடும். புதிதாக வந்த பாட்டெல்லாம் சிங்களப் பாட்டாக இருக்கிறதே, வேறு என்ன வேண்டும்? பொலிஸிலும் போய்ச் சொன்னார்கள். எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து மூச்சுப் பேச்சு இல்லை.

வீட்டில் மாமியிடம், இஸ்ஹாக்கின் உம்மாவிடம், சொல்லத்தான் பயமாக இருந்தது. சித்தி லெய்லா என்று பெயர். பாட்டென்றால் ஷைத்தானின் வேலை என்கிற மனுஷி. ஒரு முறை பக்கத்து வீட்டு ரேடியோவையே வேலிக்கு மேலால் ஏசி நிறுத்தியவள். விசயத்தைக் கேட்டதும் உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தாள். பிறகு, "என்ன பாட்டு அது? கொஞ்சம் போடு பாப்போம்" என்றாள்.

அன்று தொடங்கியது. தொழுதுவிட்டு முசல்லாப் பாயை மடிக்கும்போதே கேட்பாள்: "இண்டைக்கி என்ன வந்திச்சு?" ஒரு நாள் புதிதாக எதுவும் வராவிட்டால் சோறு இறங்காது. இரண்டு பாட்டு வந்தால், "பசியில்லாம இரிக்கான் போல" என்று அவளாகவே சொல்லிக்கொள்வாள். சோகப் பாட்டு வந்தால் இருவரும் சேர்ந்து அழுவார்கள். கூத்துத்தான், வேறென்ன! ஆனால் அந்த வீட்டில் அப்போது அடுப்பு எரிந்தது அந்தக் கூத்தினால்தான்.

இஸ்ஹாக்கின் மூத்த நானா பாயிஸ் வந்தால் வீட்டில் காற்றே மாறிவிடும். கெட்ட மனிதர் இல்லை. தம்பிக்காகக் கரை கரையாக அலைந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி, கடைசியில் கை விட்டவர். "பஹ்மிதா, பள்ளிவாசல்ல கேக்குறாங்க. அவன்ட பேரில குர்ஆன் கத்தம் ஒண்டு ஓதுவம். நீயும் நகை நட்டக் கழட்டிட்டு, பிற ஆம்பிளைகள்ட கண்ணில படாம, நாலு மாசமும் பத்து நாளும் இத்தாவில இரி. கடலோட மௌத்தான மனுசனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாம வச்சிரிக்கிறது பாவம்."

"மௌத்தான மனுசன் பாட்டுப் போடுமா?"

"பாட்டு வருது எண்டு பள்ளிவாசல்ல போய்ச் செல்லவா? சிரிப்பாங்க."

சிரித்தால் சிரிக்கட்டும் என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அன்றிரவு லிஸ்டில் மாதா பாட்டு ஒன்று வந்து விழுந்தது. தேவமாதாவே, கரை சேர்த்தருளும் என்று வேதக்காரர் பாடுகிற பாட்டு. பஹ்மிதாவுக்குத் திக்கென்றது. இதை எப்படி மாமிக்குச் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சித்தி லெய்லா கேட்டாள், திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டாள். கன்னத்தால் கண்ணீர் ஓடியது.

"வேதத்துல சேந்திட்டானோ என்னமோ. சேந்தாச் சேரட்டும் மவள். உசிரோட, ஹயாத்தோட இரிந்தாப் போதும். அத நான் அல்லாஹ்கிட்ட பேசிக்கிறேன்."

அந்தச் சொல் பஹ்மிதாவை உலுக்கிவிட்டது. இந்த மனுஷியே இந்த அளவுக்கு இறங்கி வந்த பிறகு நான் என்ன கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பது? ஆப்பில் ஆளோடு கதைக்க வழியில்லை. ஆனால் லிஸ்டின் பெயரை மாற்றலாம். மாற்றினால் மற்றப் போனிலும் மாறும். 'கடலுக்கு' என்று அவன் வைத்த பெயரை அழிக்க மனம் வரவில்லைதான். பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: 'மச்சான் எங்க இரிக்கிறீங்க'.

பிறகு அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கறியைத் தீய விட்டாள். கூப்பிட்டால் காது கேட்காது. போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள், அடுத்த நிமிடமே திறப்பைத் தேடுவாள். ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, பாணுக்குக் காசு எடுக்கப் போனவள் சும்மா ஒரு பார்வை பார்த்தாள். பெயர் மாறியிருந்தது.

'மச்சான் இல்ல. டொறத்தி. மாம்புரி தேத்தண்ணிக் கடை.'

மாம்புரி! படகு புறப்பட்ட கரையே அதுதான். போன் கடலுக்கே போகவில்லை.

மாமியிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினாள். டொறத்தி அக்கா கட்டையான, பருத்த மனுஷி, கழுத்தில் சிலுவை. பஹ்மிதாவின் முக்காட்டைக் கண்டதுமே கேத்தலை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"நான் கள்ளி இல்ல புள்ள. அவனாத்தான் தந்தான். முந்தின போன் உப்புத் தண்ணி பட்டுக் கெட்டுப் போச்சாம், இதையும் கெடுத்தா பொண்டாட்டி வீட்டுக்குள்ள எடுக்க மாட்டாள் எண்டு சிரிச்சான். வாற வரைக்கும் வச்சிரிங்க அக்கா, பாட்டுக் கேளுங்க எண்டான். என்ட போன் பழுதாப் போனதால பிறகு என்ட சிம்மப் போட்டேன்."

பஹ்மிதா சொன்னதுதான். அவன் புறப்பட்ட அன்று, வாசலில் வைத்து, விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்தப் போன் அவன் கையில் இருந்திருந்தால் கரைக்குக் கிட்டே எங்கேயாவது வைத்து ஒரு சத்தமாவது கொடுத்திருப்பானோ? யாரிடம் கேட்பது இதை?

"படகு வரல்ல எண்டு தெரிஞ்சும் ஏனக்கா கொண்டுவந்து தரல்ல?"

டொறத்தி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். "தந்தா அவன் வர மாட்டான் எண்டு நானே செல்ற மாதிரி ஆகிடுமே புள்ள. ஆளே வந்து வாங்கட்டும் எண்டு வச்சிரிந்தேன். மாதாவுக்கு நேர்த்தியும் வச்சேன். உங்கட எழுத்தப் பாத்த பிறகு எனக்கு ராவெல்லாம் நித்திர இல்ல."

ஏச வேண்டும் என்றுதான் பஸ்ஸில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள். ஏச வாய் வரவில்லை. டொறத்தி தன் சிம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு, போனைத் துடைத்துக் கொடுத்தாள். இருவரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். தேத்தண்ணி குடிக்க வந்த சனம் வாசலோடு நின்றது.

வீட்டில் சித்தி லெய்லா கதிரையில் வாசலைப் பார்த்தபடி இருந்தாள். பஹ்மிதா போனை மாமியின் மடியில் வைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மறைத்து வைத்திருக்க அவளிடம் தெம்பில்லை. கிழவி போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப மாதா பாட்டு?"

"அந்த அக்கா போட்டது மாமி."

"சோகப் பாட்டு?"

"அதுவும்."

சித்தி லெய்லா போனை முந்தானையால் மூடி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

செய்தி கேட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாயிஸ் வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மட்டில் நல்ல மனுஷன். எப்படியாவது ஒரு ஆறுதல் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநேரம் தடுமாறிவிட்டு, கணக்குப் பார்த்தார்.

"படகு போன நாளிலருந்து எண்ணினா நாலு மாசமும் பத்து நாளும் எப்பவோ முடிஞ்சிட்டு பஹ்மிதா. இனி நீ இத்தா இரிக்கத் தேவயில்ல. பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்டயும் கேட்டிட்டுத்தான் வாறேன். அந்த ஒரு கஷ்டமாவது உனக்கு இல்லாமப் போச்சு."

பஹ்மிதா காதிலிருந்த தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காப்பையும் கழற்றினாள்.

"காலம்பற வரைக்கும் எனக்கு அவர் ஹயாத்தோடதான் இரிந்தார்" என்றாள். "இண்டையிலருந்து எண்ணுங்க."

பாயிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி லெய்லா எழுந்து போய் அவருடைய செருப்பை வாசலுக்கு நேரே எடுத்து வைத்தாள். அவர் இறங்கிப் போனதும் கதவைச் சாத்தி, ஜன்னல் சீலையையும் இழுத்து மூடினாள்.