சலோமியின் ஆறடி

"லெட்டர் இல்லாம கல்லறைத் தோட்டத்துல குழி வெட்ட ஆகாது அம்மணி. அந்த ரூலை எழுதுனதே நாந்தான்" என்று சொல்லிவிட்டுத் தேவநேசன் தட்டை இழுத்துக்கொண்டார். மனைவி சலோமி அவருக்குச் சோறு போடவில்லை.

போத்தனூரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நான்கு வாடகை வீடுகள். கடைசி வீட்டில், விடிகாலையில் காய்ச்சலில் இறந்துபோன எட்டு மாதப் பெண்குழந்தை கிடந்தது. பங்குனி வெயில். மாலைக்கு மேல் வைத்திருக்க முடியாது.

குழந்தையின் அப்பா சுஷாந்துக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை. ஒடிசாவில் மலைக் கிராமத்துக் கிறிஸ்தவன். அவனும் மனைவி மார்த்தாவும் இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்காருகிறார்கள். சபையில் சேர்ந்தவர்களுக்குத்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம்; சேர்க்க, சொந்த ஊர்ச் சபையின் கடிதம் வேண்டும் என்றது கோயில் கமிட்டி. ஒரு கலவரத்தில் அந்த ஊர்க் கோயிலும் அதன் பதிவேடும் மார்த்தாவின் வீடும் ஒன்றாக எரிந்துபோயிருந்தன. சாம்பலிடம் போய்க் கையெழுத்து வாங்க முடியுமா? கமிட்டிக்கு இது தெரியும். தெரிந்துதான் கேட்டது. வடக்கத்தியாருக்கு ஒருமுறை திறந்துவிட்டால் நம்மவர்களுக்கு இடம் மிஞ்சாது என்பது உள்ளே நடந்த பேச்சு.

கமிட்டியின் செயலாளர் தேவநேசன். போன கிறிஸ்துமஸில், குழந்தை இயேசுவோடு பெற்றோர் எகிப்துக்கு ஓடியதைச் சொல்லி மேடையில் கண்கலங்கியவரும் அவர்தான். எகிப்தில் யாரும் கடிதம் கேட்கவில்லை போலும்.

மின்மயானத்துக்கு வண்டியும் செலவும் தானே ஏற்பதாகச் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் சலோமிக்குத் தாங்கவில்லை.

மார்த்தாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "தீ வேண்டாம் அக்கா" என்றாள். காலையிலிருந்து அதை மட்டுமே சொல்கிறாள். ஏழு வயதில் தீயைக் கண்டு காட்டுக்குள் ஓடினவள்.

சலோமி பீரோவைத் திறந்தாள். கல்லறைத் தோட்டத்தில் மாமியாருக்குப் பக்கத்தில் தன் பெயருக்குப் பதிந்து வைத்திருந்த இடத்தின் சீட்டை எடுத்து வந்து, வெறும் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"ஏனுங்க, என்ற எடத்தத் தொறக்கச் சொல்லுங்க."

"அப்பறம் உன்னைய எங்க கொண்டுபோயி வெக்கறது?"

"மின்மயானத்துக்குத் தூக்கீட்டுப் போங்க. நானு தீயக் கண்டு ஓடியாந்தவ இல்லீங்க."

அவர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, குடும்பக் குழியில் உறவுக்காரரை மட்டும்தான் வைக்கலாம் என்று முனகினார். அதுவும் அவர் எழுதிய விதிதான்.

நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்து அறையில், கமிட்டியார் சுற்றி நிற்க, தேவநேசன் பதிவேட்டை விரித்தார். உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. சலோமி அதை வாங்கி, 'பேத்தி' என்று எழுதினாள்.

அவளுக்குப் பிள்ளையே இல்லை என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் கட்டம் நிரம்பிவிட்டது. கேட்டைத் திறந்தார்கள். கடிதம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.