மூடியிருப்பதாகக் காட்டிய கதவு

புத்தளம் பக்கத்துப் பாலாவிக்கு அப்பால், உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரைப் பக்கமாக இருந்த அந்தத் தொழிற்சாலையில், அலுமினியம் உருக்கும் வெளிநாட்டு ஆலைகளுக்காகக் கரிக்கட்டிகள் செய்தார்கள். கரித்தூளைக் கொதிக்கும் தாரோடு பிசைந்து, அந்தச் சூடான களியைப் பெரிய இரும்பு அச்சில் கொட்டுவார்கள். மேலிருந்து ஒரு பாரம் இறங்கி அமுக்கும். கீழே மேசை அதிரும். இறுகிய கட்டி வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும்.

அந்த அச்சு இயந்திரத்தை இயக்கியவள் ஸுஹைரா. மேலே கண்ணாடி அறையில் திரைக்கு முன்னால் அமர்ந்து களியின் சூட்டையும் பாரத்தின் அழுத்தத்தையும் கட்டியின் உயரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். சூடு கூடினால் களி அச்சில் ஒட்டும், குறைந்தால் கட்டி வெடிக்கும். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. புருஷன் விட்டுப்போன பிறகு மதுரங்குளியில் கூடப்பிறந்த மூத்தவளான ராத்தா கமீலாவின் வீட்டு வளவிலேயே ஓர் அறை கட்டிக்கொண்டு இருந்தாள். ராத்தாவின் கணவன் அக்ரம்தான் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவன். அதே தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு அவன் பொறுப்பு. புருஷன் வீட்டாரோடு கதைக்கவும், அவளுக்காகப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன் போய் நிற்கவும் அக்ரமைத் தவிர அவளுக்கு வேறு ஆண்பிள்ளை இருக்கவில்லை.

அச்சைச் சுற்றி ஆளுயரக் கம்பிவேலி, அதற்கு ஒரே கதவு. கதவில் ஓர் இரும்பு நாக்கு உண்டு. அது நிலையிலுள்ள சுவிட்சுக்குள் நுழைந்திருந்தால்தான் இயந்திரம் ஓடும். கதவைத் திறந்தால் எல்லாம் நின்று திரையில் சிவப்பு எரியும். அதற்கு மேலும், உள்ளே போகிறவர் மின்பெட்டியில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது விதி. ஆனால் ஒட்டிய களியைச் சுரண்டும் சின்ன வேலைக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை. கதவைத் திறந்தாலே மெஷின் செத்துவிடும், பூட்டெல்லாம் பெரிய வேலைக்குத்தான் என்று அக்ரம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு களி கொஞ்சம் கூடவே சூடாக இருந்தது. ஸுஹைரா இயந்திரத்தை நிறுத்தி வைத்து, சூடு இறங்கும்வரை காத்திருந்தாள். அச்சைத் திரையில் காட்டும் கமெராவைத் தார்ப்புகை மூடிவிட்டது. சூடு சரியானதும் திரையைப் பார்த்தாள். கதவு பச்சை. காத்திருந்த நேரம் முழுக்க அது பச்சையாகவே இருந்தது. எச்சரிக்கைச் சங்கை ஊதிவிட்டு இயக்கினாள்.

கண்ணாடியைத் தாண்டி வந்த அலறலைக் கேட்டதும் அவசரப் பொத்தானை அடித்துவிட்டுக் கீழே ஓடினாள்.

கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே, கற்பிட்டியிலிருந்து வேலைக்கு வரும் அருளப்பு முழங்காலில் நின்றார். அச்சின் ஓரத்தில் ஒட்டிய களியைச் சுரண்டப் போனவர். அவருடைய வலது கை பாரத்துக்கும் அச்சின் விளிம்புக்கும் நடுவில் இருந்தது. கூட வேலை செய்யும் றிஸ்மினும் மற்றவர்களும் கையால் இயக்கும் பம்ப்பை அழுத்திப் பாரத்தை உயர்த்தினார்கள். ஸுஹைரா அருளப்புவின் தோளைத் தாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அக்ரம் கதவு நிலையடியில் முதுகைக் காட்டி நின்றான். சுவிட்சிலிருந்து எதையோ உருவிக் காற்சட்டைப் பைக்குள் போட்டான்.

"மச்சான், இங்க வந்து பிடிங்க" என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் வந்தான்.

அவன் பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான் என்றுதான் நினைத்தாள். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வான் வண்டியில் அருளப்பு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"கதவத் திறந்துதானே தங்கச்சி உள்ள போனனான். சங்கு ஊதினாலும் மெஷின் ஓடாதெண்டு நினைச்சன். எப்பிடி ஓடினது?"

அக்ரம் பைக்குள் போட்டது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் உடுப்புக்கூட மாற்றாமல் ராத்தாவின் வீட்டுக்குள் போனாள். கமீலா பால் விடாத பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்ரம் கதிரையில் உட்கார்ந்திருந்தான். சுவிட்சுக்குள் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை. அதிர்வில் கதவின் நாக்கு ஆடி ஆடி இயந்திரம் சும்மா சும்மா நின்றதாகவும், கப்பல் வருகிறது என்று மேலிடம் நெருக்கியதாகவும், வேறொரு நாக்கைத் தனியாகச் சுவிட்சுக்குள் செருகி வைத்ததாகவும் சொன்னான். கதவு திறந்தாலும் மூடினாலும் திரையில் பச்சைதான்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ மெஷின ஓட்டமாட்டாய்."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுடைய கையால் ஒரு மனிதனின் கையை நசுக்க வைத்துவிட்டு, அவளுடைய நேர்மையைக் குறை சொல்வதுபோல் இருந்தது அது.

பிறகு அக்ரம் தன் யோசனையைச் சொன்னான். கதவு திறக்கவில்லை என்றுதான் கணினியில் பதிந்திருக்கிறது. அருளப்பு களியைக் கொண்டுவரும் ஓடுபட்டியின் பக்கமாக ஏறி வேலிக்குள் போனதாகச் சொல்லிவிட்டால் போதும், தனக்கும் அவளுக்கும் ஒரு சேதமும் இல்லை.

"கையும் போய், பழியும் அவருக்கா?" என்றாள் ஸுஹைரா.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கமீலா கோப்பையை அவள் முன்னால் வைத்தாள்.

அருளப்புவின் நாலு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஸுஹைரா ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய மனைவி அனஸ்தாசியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸுஹைரா கட்டிலருகே நின்று நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். இதை விசாரணையிலும் சொல்வாளா என்று மட்டும் அருளப்பு கேட்டார். ஓம், சொல்வேன் என்றாள்.

விசாரணைக்கு வந்தவர் ஷானிகா என்ற தொழிற்சாலைப் பரிசோதகர். முகாமையாளரின் அறையில் சிங்களத்தில் கேள்விகள் நடந்தன. ஸுஹைரா தான் பார்த்ததையும், வீட்டில் அக்ரம் சொன்னதையும் சொன்னாள். அடுத்து அக்ரமைக் கேட்டார்கள். முழுக்க மறுப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் அவள் பக்கம் பார்க்காமலே, நாக்குச் செருகியது உண்மை என்றான். ஆனால் அது ஸுஹைரா கேட்டுத்தான், இயந்திரம் அடிக்கடி நிற்பதால் தன் உற்பத்தி குறைகிறது என்று அவள்தான் வற்புறுத்தினாள், மனைவியின் தங்கை என்று தானும் இணங்கிவிட்டதாகச் சொன்னான்.

தன் ராத்தாவுக்கு எல்லாம் தெரியும், அவளைக் கேளுங்கள் என்றாள் ஸுஹைரா.

ஷானிகா அங்கிருந்தே தொலைபேசியில் கமீலாவை அழைத்தார். கமீலாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. முகாமையாளர் கேள்வியைத் தமிழில் கேட்டார். ஒலிபெருக்கியில் ராத்தாவின் குரல் தெளிவாக வந்தது.

"வீட்டுல அப்பிடி ஒரு கதையும் நடக்கல்ல. என்ட காதுல ஒண்டும் விழல்ல."

அவள் கேட்டுத்தான் செருகியதென்றால், அடிபட்டவரை விட்டுவிட்டு அதை ஏன் முதலில் உருவினாய் என்று ஷானிகா அக்ரமிடம் கேட்டது ஸுஹைராவுக்கு எங்கோ தூரத்தில் ஒலிப்பதுபோல் இருந்தது.

அருளப்பு கதவு வழியாகத்தான் போனார், அவர்மேல் பிழை இல்லை என்று முடிவானது. அக்ரமை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஸுஹைரா கேட்டாள் என்பதற்கும் கேட்கவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை என்று நிர்வாகம் அவளைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எடுத்து, கட்டிகளைத் துடைத்து அடுக்கும் இடத்துக்கு மாற்றியது. சுவிட்சைப் புதிதாக்கி, எந்த வேலைக்கும் பூட்டில்லாமல் உள்ளே போகக்கூடாது என்று கண்டிப்பாக்கினார்கள். அவளுடைய கதிரையில் றிஸ்மின் உட்கார்ந்தான். அவன் அவளைக் கண்டால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வான்.

அவள் ராத்தாவின் வளவை விட்டுப் பாலாவியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துப் போனாள். சில வாரங்களுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கமீலா அங்கே வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள்.

"நான் என்ன செய்ய ஸுஹைரா. அவர் என்ட புள்ளையள்ட வாப்பா."

"நான் ஒன்ட கூடப்பொறந்தவ, ராத்தா."

கொழும்பு பஸ் இரைச்சலோடு சந்தியைத் தாண்டிப் போனது. ஸுஹைரா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கமீலா குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.