கையால் முடுக்கிய போல்ட்

முதியோர் இல்லத்து நர்ஸ் கூப்பிட்டபோது அவள் இரண்டு கையிலும் சோப்பு நுரையோடு பாத்திரத் தொட்டியின் முன் நின்றிருந்தாள். முழங்கையால் ஃபோனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். இல்லத்திலிருந்து காலையில் வரும் அழைப்பு நல்ல செய்தியாக இருந்ததில்லை. அம்மா விழுந்துவிட்டாள், அம்மா சாப்பிடமாட்டேன் என்கிறாள், பக்கத்துக் கட்டில்காரியின் போர்வையைச் சுருட்டி அலமாரியில் ஒளித்துவிட்டாள், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். ஆனால் இன்றைக்கு நர்ஸின் குரலில் சிரிப்பு இருந்தது.

"அக்கா, அம்மா இன்னிக்கு ரொம்பத் தெளிவா இருக்காங்க. தானே எழுந்து தலை சீவிக்கிட்டாங்க. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, நம்பவே முடியல. உங்க தம்பியைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. வாலு எங்க, வாலுவை வரச் சொல்லுன்னு ஒரே பிடிவாதம். கூட்டிட்டு வாங்களேன். மதியத்துக்கு மேல எப்படி இருப்பாங்கன்னு சொல்ல முடியாது."

சந்தோஷம் வருவதற்கு முன்னால் அவளுக்குச் சுருக்கென்று ஒன்று தைத்தது. ஞாயிறு தவறாமல் போகிறவள் அவள். நகம் வெட்டுவது, தலைக்கு எண்ணெய் வைப்பது, அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வருவது எல்லாம் அவள்தான். அம்மா அவளை ஒரு வாரம் டாக்டரம்மா என்பாள், மறு வாரம் யார் வீட்டுப் பெண் என்று கேட்பாள். பெற்ற மகள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எட்டிப் பார்க்காதவனுக்கு மட்டும் அழைப்பு வருகிறது. இந்த வயதில் தம்பியோடு போட்டியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இருந்தாலும் வலித்தது. மறைப்பானேன், நன்றாகவே வலித்தது.

தம்பி ஊர்க் கோடியில் ஒரு கார் பட்டறையில் தலைமை மெக்கானிக். சின்ன வயதில் வீட்டில் ஒரு சாமானை முழுசாக விட்டதில்லை. மின்விசிறியைக் கழற்றுவான், ரேடியோவைக் கழற்றுவான், திருப்பி மாட்டும்போது இரண்டு திருகாணி மிச்சம் வைப்பான், ஆனாலும் அது ஓடும். வாலு என்று அம்மா வைத்த பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. காதோரம் நரைத்த பிறகும் அவன் அவளுக்கு வாலுதான்.

இல்லத்துக்கு அவன் கடைசியாகப் போனது அம்மா சேர்ந்த புதிதில். அம்மாவுடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் ஆடுகிறது என்று கழற்றி, பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அம்மா கத்த ஆரம்பித்தாள். திருடன், திருடன், என் கண்ணைப் பிடுங்குகிறான் என்று ஊரைக் கூட்டினாள். காவலாளி ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தார். அதற்கப்புறம் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் வேலை இருந்தது. கேட்டால் பிடிகொடுக்காமல் பேசுவான். அவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு குத்திக்காட்ட மட்டும் செய்தாள்.

இன்றைக்கு ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும் அவன் பட்டறை இரைச்சலிலிருந்து விலகி வெளியே வந்து கேட்டான்.

"அம்மாவா கேட்டாங்க? என்னையா?"

"உன்னைத்தான்டா. கிளம்பு. நான் வந்து ஏத்திக்கறேன்."

பட்டறை வாசலிலேயே நின்றிருந்தான். பட்டறைச் சட்டையை மாற்றக்கூட வீட்டுக்குப் போகவில்லை. கையை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான். காரில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலையை வாரினான். அவள் கண்ணாடியைத் திரும்பச் சரிசெய்தாள். நெடுஞ்சாலை வந்ததும் மடை திறந்த மாதிரி ஆரம்பித்துவிட்டான்.

"எனக்குத் தலையெல்லாம் நரைச்சுப்போச்சேக்கா. அடையாளம் தெரியுமா?"

"தெரியும்டா."

"போனதும் என்ன பேசறது? இத்தனை நாளா ஏன் வரலன்னு கேட்டா?"

"கேட்டா வாங்கிக் கட்டிக்கோ. எனக்கு வேடிக்கை பாக்க ஆசையா இருக்கு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே காரில் உட்கார்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள். அம்மா தன்னைக் கேட்காவிட்டால் என்ன, இவனையாவது கேட்டாளே, நம்மில் ஒருத்தராவது அவள் ஞாபகத்தில் இருக்கிறோமே என்று மனசு இறங்கிவந்தது. வண்டியும் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்க்கொண்டிருந்தது. போன வாரம்தான் தம்பியின் பட்டறையில் டைமிங் பெல்ட்டை மாற்றியிருந்தார்கள். பழைய பெல்ட்டில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எஞ்சினின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற பல் வைத்த ரப்பர் பட்டை அது, அறுந்தாலோ நழுவினாலோ உள்ளே ஒன்றோடொன்று மோதி நொறுங்கிவிடும், நடுவழியில் தனியாக மாட்டிக்கொள்வாய் என்று அவன்தான் விடாப்பிடியாக நின்றான். வேறு யாரையும் தொட விடாமல் தானே மாற்றினான். வண்டி திரும்பி வந்த நாளிலிருந்து மெலிதாக ஒரு ரீங்காரம் கேட்டது. சொன்னதற்கு, புது பெல்ட் அப்படித்தான், போகப்போக அடங்கிவிடும் என்றான்.

ஒரு பாலத்தைத் தாண்டும்போது அந்த ரீங்காரம் சட்டென்று உயர்ந்தது. பிறகு முன்னால் எங்கோ கடகடவென்று ஒரு சத்தம், ஒரு உதறல். மிதித்தால் வேகம் பிடிக்கவில்லை. எஞ்சின் அணைந்துபோய் டயர் உருளும் ஓசை மட்டும் கேட்டது. வண்டியை ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். கை தன்னால் சாவியைத் திருகியது.

"தொடாதக்கா!" என்று கத்தினான். அதற்குள் திருகிவிட்டாள். எஞ்சின் எதிலும் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றியது. திரும்பிப் பார்த்தால் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறங்கிப் பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு இருக்கவில்லை. காதால் கேட்டதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

இருந்தாலும் இறங்கினான். பின்னால் கிடந்த கருவிப் பையை எடுத்து, போனட்டைத் தூக்கி, பெல்ட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றினான். உள்ளே கையை விட்டவன் அப்படியே நின்றுவிட்டான். அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பெல்ட்டை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டிய சின்னச் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் நடுவில் இருந்த போல்ட்டை அவன் இரண்டு விரலால் ஆட்டினான். அது பால்பல் மாதிரி ஆடியது.

"கையால முடுக்கி வெச்சேன். பல்சக்கரத்துக் குறியெல்லாம் சரியா நிக்குதான்னு எஞ்சினைச் சுத்திப் பாத்துட்டு, அதுக்கப்புறம் ஸ்பேனர் போட்டு இறுக்கணும். சுத்திப் பாத்தேன். எல்லாம் சரியா இருந்துது." போல்ட்டை மறுபடியும் ஆட்டிப் பார்த்தான். "அப்ப ஒரு ஃபோன் வந்துது. பேசிட்டு வந்து கவரை மாட்டிட்டேன்."

யாருடைய ஃபோன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. போன வாரம் பட்டறைக்கு ஃபோன் போட்டு, வண்டி ஆயிற்றா என்று ஆரம்பித்து, அம்மாவில் வந்து முடித்தவள் அவள்தான். நீயெல்லாம் ஒரு மகனா என்று கேட்டாள். அவன் பதில் பேசாமலிருக்கவே இன்னும் ஆத்திரம் வந்து, அம்மா உன்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, தெரியுமா, நிம்மதியாக இரு என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு இரண்டு நாள் அது அவளை உறுத்தியது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

இப்போதும் வரவில்லை. சாலையோரத்துப் புழுதியில் நின்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறை முதலாளி ஃபோனில் நல்லபடியாகத்தான் பேசினார். "விடுப்பா, நாமதானே போட்டோம், நாமளே இறக்கிப் பாத்துக்கலாம். வால்வு எல்லாம் போயிருக்கும், அதுக்கென்ன. மனுஷன்னா மறதி இருக்கத்தான் செய்யும்" என்றார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். சரிங்க, சரிங்க என்று சொல்லிக்கொண்டே காலால் மண்ணைக் கிளறினான்.

இழுவை லாரி வருவதாகச் சொன்னார்கள். வாடகைக் கார் எதுவும் அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. போகிற வண்டிகளுக்குக் கை காட்டினால், பட்டறைச் சட்டையும் திறந்த போனட்டும் பார்த்துவிட்டு இன்னும் வேகமாகப் போனார்கள். வெயில் ஏற ஏற அவள் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள்.

"எங்க வந்துக்கிட்டிருக்கீங்க? ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்காங்க. சாப்பிடக்கூட வரமாட்டேங்கறாங்க. வாலு வந்தா சேந்து சாப்பிடறாங்களாம்."

"வண்டி நின்னுபோச்சுன்னு சொல்லும்மா. எப்படியாவது வந்துடறோம்னு சொல்லு."

"சொல்றேன். ஃபோனைக் குடுக்கட்டுமா, தம்பி பேசறாரா?"

அவள் ஃபோனை நீட்டினாள். அவன் இரண்டு எட்டு பின்னால் போனான். கை முழுக்கக் கரி. "வேண்டாம்கா. ஃபோன்ல என்ன பேச? நேர்ல போய்ப் பாத்துக்கறேன்" என்றான். அவள் வற்புறுத்தவில்லை. ஏன் வற்புறுத்தவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டாள். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நாள் கழித்துப் பார்க்கப் போகிறவன், முதல் வார்த்தையை முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் போயிற்று. அவர்கள் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். வந்த பஸ் ஊர் ஊராக நின்று போனது. உட்கார இடமிருந்தும் அவன் கடைசிவரை நின்றுகொண்டே வந்தான்.

இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வெயில் வராந்தாவில் விழுந்திருந்தது. நர்ஸ் படிக்கட்டிலேயே எதிரில் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "மதியம்வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்கக்கா" என்றாள் தாழ்ந்த குரலில். "இப்பக் கொஞ்சம் குழம்பிட்டாங்க. ஆனா காத்துக்கிட்டேதான் இருக்காங்க."

அம்மா ஜன்னலோரத்தில் இருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். சீவிய தலை கலையாமல் இருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பி, மகளைத் தாண்டி அவனைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? உள்ள வாங்க தம்பி. பட்டறையிலேருந்துதானே?"

அவன் வாசலிலேயே நின்றான். "ஆமாம்மா."

"என் பையன் வர்ற வண்டி வழியில நின்னுபோச்சாம். காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன். என்ன ஆச்சாம் அதுக்கு?"

"ஒரு போல்ட்டு... சரியா முடுக்கலம்மா."

"எவன் பாத்த வேலை அது?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படியா பொறுப்பில்லாம விடுவாங்க? என் பையனும் மெக்கானிக்குதான். அவன் கை வெச்ச வண்டி ஒருநாளும் நின்னதில்ல."

மகளால் பொறுக்க முடியவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, இவன்தாம்மா வாலு. நல்லாப் பாரு. உன் வாலும்மா."

அம்மா அவனைப் பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். அவன் மூச்சு விடாமல் நின்றான். பிறகு அம்மா, யாரோ வேடிக்கையாகப் பேசியதுபோல் சிரித்தாள். "நீங்க ஒண்ணு டாக்டரம்மா. என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?" என்றாள். அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் போய் அந்த வண்டியைச் சரி பண்ணிக் குடுங்க. அவன் பாவம் நடுரோட்டுல நின்னுக்கிட்டிருப்பான். பசி தாங்கமாட்டான்."

அவள் தம்பியைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுடா, உட்காருடா, அம்மா மடியில் தலையை வைத்து அழுடா என்று கத்தத் தோன்றியது. அவன் கரி படிந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான்.

"சரிம்மா," என்றான். "இப்பவே போறேன்."

"நல்லா இறுக்கிப் பாத்து விடுங்க."

"இறுக்கிடறேன்மா."

படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. ஓட்டமாகத்தான் இறங்கினான். அம்மா நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள். மகளின் கை இன்னும் தன் கையில் இருப்பதைப் பார்த்து அதை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"யார் பெத்த பிள்ளையோ," என்றாள். "சொன்னதும் ஓடுது பாருங்க."

மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே அவன் முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் திறந்து வெளியே போய், திரும்பி நின்று தாழ்ப்பாளைப் போட்டான். சாலையில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவர்கள் வந்த திசையிலேயே, சாலையோரமாக, வேகமாக நடக்க ஆரம்பித்தான். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து, அவனுக்கும் அப்பால், சாலை வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.