சேர்ட் தின்னிக் கல்

கல்லைத் தூக்க வருகிறார்கள் என்று நான் காலையிலேயே குளித்து, பூசைக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். பக்கத்தில் ஒரு கதிரை, அதன்மேல் ஒரு தட்டு நிறையக் கேக். அடுத்த வீட்டு மைமூனா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்ன சீலா, கல்லத் தூக்கப் போறாங்களா, கல்லுக்குக் கலியாணமா?”

“நீயும் வாவன். கேக் இருக்கு.”

“கேக்குக்கெண்டா வாறன்.”

நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பானேன். ஒரு காலத்தில் டொக்யார்ட் நேவிக்காரர்களின் வெள்ளை உடுப்பெல்லாம் எங்கள் ஒழுங்கையில்தான் வெளுத்தது. அம்மா சாகும்வரை வெளுத்தாள். கலியாணம் பேச ஆட்கள் வந்தால் வெளுப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் வராது. போன மாதம் சுலோஜனா ரீச்சர் வந்தா. இந்தத் துறைமுகத்துத் தொழில்களைப் பற்றி ஓர்ஸ் ஹில்லில் கண்காட்சி வைக்கிறார்களாம். எண்ணெய்த் தாங்கி கட்டியவர்கள், கப்பல் திருத்தியவர்கள், நிலக்கரி சுமந்தவர்கள் எல்லாருக்கும் படம் இருக்கிறதாம், உடுப்புத் தோய்த்த பெண்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லையாம். எங்கள் தோய்க்கிற கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “அன்ரி, இதை வைச்சு, கீழ உங்கட அம்மான்ர பேரை எழுதுவம்” என்றா. அக்னேசம்மா என்ற பெயர் சவக்காலைச் சிலுவையைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் நிரோஷினி போனில், “ஏனம்மா இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு?” என்று சிணுங்கினாள். “சொல்லத்தான் போறன்” என்று வைத்துவிட்டேன்.

அந்தக் கல்லுக்கு எங்கள் வீட்டில் சேர்ட் தின்னிக் கல் என்று பெயர். ஆரம்பத்தில் ஒரே சொரசொரப்பாம். கொலரைக் கிழிக்கும், பொத்தானைத் தின்னும். நேவிக்காரனிடம் அம்மா வாங்காத ஏச்சில்லை. வேறு கல் கொண்டுவருகிறேன் என்று அப்பா சொல்லியும் அம்மா விடவில்லையாம். அடித்து அடித்து அவளே அதை வழவழப்பாக்கினாள். நாங்கள் எல்லோரும், என் நிரோஷினியும்கூட, அதில் உட்காரவைத்துக் குளிப்பாட்டப்பட்ட பிள்ளைகள். சவர்க்காரம் கண்ணில் படாமல் அம்மா இடக்கையை நெற்றியில் அணைபோலப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றுவாள்.

கல் கிளப்புகிற அலவாங்கோடு ஜக்சன், சசிகரன் என்ற இரண்டு பொடியன்களைக் கூட்டிக்கொண்டு சுலோஜனா ரீச்சர் வந்தா. என் மனுசன் வின்சன்ட் மேற்பார்வை.

“மெல்ல, தம்பிமார், மெல்ல. முட்டையைப் போலப் பிடியுங்கோ.”

“அங்கிள், முட்டைக்கு ஆராவது அலவாங்கு போடுவினமே?” என்றான் ஜக்சன்.

கல் அசைந்து, ஒரு பெருமூச்சு விட்டமாதிரி மண்ணை விட்டு எழும்பி, மறுபுறம் புரண்டு விழுந்தது. அடியில் ஒட்டியிருந்த சேறு இப்போது மேலே. வின்சன்ட் ஒரு வாளி தண்ணீரை வீசி ஊற்றினார். சேறு வழிய முதலில் ஒரு செட்டை தெரிந்தது. பிறகு ஒரு சம்மனசின், ஒரு குட்டித் தேவதூதனின் முகம். அதற்குக் கீழே இங்கிலீசு எழுத்து. நான்தான் வாசித்தேன். ஹரியற். கப்பல் தச்சரின் அன்பு மகள். வயது இரண்டு.

மைமூனா கடித்த கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டாள். “யா அல்லாஹ். புள்ளைட கபுறுக் கல்லுடி, சீலா.”

கடற்கரைப் பக்கத்தில் வெள்ளைக்காரரின் பழைய சவக்காலை ஒன்று இருக்கிறது. அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதில்தான் அடித்தோம், நீலம் போட்டோம், பிழிந்தோம், எச்சில் துப்பினோம்.

சுலோஜனா ரீச்சரின் கண் விரிந்துபோய்விட்டது. போனில் படம் படமாக எடுத்தா. “அன்ரி, இது நாங்கள் நினைச்சதைவிடப் பெரிய விஷயம்! கொழும்பிலயிருந்தெல்லாம் ஆக்கள் வருவினம்.” எனக்குக் கண்காட்சியில் கல்லுக்குக் கீழே வைக்கப்போகிற பெயர்ப்பலகைதான் கண்முன் வந்தது. குழந்தையின் கல்லறையில் உடுப்பு அடித்தவர், அக்னேசம்மா.

“ரீச்சர், அம்மான்ர பேரைப் போடாதேங்கோ.”

“என்ன அன்ரி, அதுக்காகத்தானே இவ்வளவும்...”

“ஆரோ ஒரு பொம்பிளை எண்டு எழுதுங்கோ. போதும்.”

சொல்லி முடியக் காது இரண்டும் எரிந்தது. வின்சன்ட் என்னைப் பார்த்தார், உடனே நிலத்தைப் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நாளைக்கு வான் வரும் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் போனார்கள். கேக்கில் எறும்பு ஏறியிருந்தது.

பின்னேரம், சேலையை மாற்றி, தும்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு கல்லடியில் குந்தினேன். அப்படியே சேறோடு அனுப்ப மனம் வரவில்லை. எழுத்து எழுத்தாகத் தேய்த்துக்கொண்டு போகையில் கை நின்றது. இந்தப் பக்கம் கண்ணாடிபோல் இருந்தது. செதுக்கி மினுக்கிய முகம். சம்மனசைச் சுற்றிலும் ஒரு கீறல் கிடையாது.

உடுப்புத் தோய்க்கிற எவளும் இந்தப் பக்கத்தைத்தான் மேலே போடுவாள். அதற்குப் படிப்புத் தேவையில்லை, உள்ளங்கையால் ஒருதரம் தடவினால் போதும். அம்மா சொரசொரத்த முதுகை மேலே போட்டிருக்கிறாள். பொத்தான் போக, கொலர் கிழிய, ஏச்சு வாங்கி வாங்கி, அந்தப் பக்கத்தையே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சம்மனசைத் தெரியும். எங்களுக்குத் தெரியக்கூடாதென்று கவிழ்த்தாளா, பிள்ளையின் முகத்தில் அடி விழக்கூடாதென்று கவிழ்த்தாளா? அந்தப் பெயரைத்தான் காலையில் வேண்டாமென்று சொன்னேன்.

வின்சன்ட் குசினி வாசலில் வந்து நின்றார். “நாளைக்கு ரீச்சருக்கு என்னப்பா சொல்லப்போறாய்?”

“தண்ணி அள்ளி ஊத்துங்கோ” என்றேன்.

அவர் கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்தார். சவர்க்கார நுரை சம்மனசின் நெற்றியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாளி சரிகிறபோது என் இடக்கை தானாகப் போய், அந்தக் கல் கண்களுக்கு மேலே அணைபோல நின்றது.